வேட்பாளர் உள்ளே இருக்கிறார்

...இல்லை, இன்னும் அடங்கவில்லை, அடங்கிவிட்டது என்று நம்பி எழுந்து கால்சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுவிட்டேன், உடனே உள்ளே யாரோ பாத்திரம் உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம், மறுபடி உட்கார்ந்தாகிவிட்டது, இங்கே வந்த பிறகு இது நான்காவது தடவை, காலையிலிருந்து சேர்த்தால் பதினொன்று, சேர்க்காமல் இருப்பதே நல்லது. சுவருக்கு அந்தப் பக்கம் நூலகக் கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்கிறது, வார்டு மக்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், பதினோரு மணிக்கு இரண்டு வேட்பாளர்களும் ஒரே மேடையில் பேச வேண்டும், இப்போது மணி பத்து நாற்பது, அந்த இரண்டு பேரில் ஒருவன் நான், இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் பிளம்பர், மூன்று வாரமாக அரசியல்வாதி, இருபது நிமிடமாக இந்தக் கழிப்பறைவாசி. எங்கள் வார்டு முழுக்க வாந்திபேதி, குடிதண்ணீரில் எங்கேயோ சாக்கடை கலக்கிறது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், இருநூறு பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள், இப்படிப்பட்ட நேரத்தில் பேதி வருவது வெட்கப்படுகிற விஷயமே இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் வரலாம், என்னைத் தவிர. ஏனென்றால் வார்டில் உள்ள ஒவ்வொரு மின்கம்பத்திலும் என் படம் ஒட்டியிருக்கிறது, படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரே வரி, 'இவர் வீட்டில் ஒருவருக்குக்கூடப் பேதி இல்லை'. சாலை போடுகிறேன் என்பான், விளக்குப் போடுகிறேன் என்பான், உலகத்தில் எந்த வேட்பாளராவது தன் வயிற்றை வாக்குறுதியாகக் கொடுத்திருப்பானா... அந்த வரியை எழுதியது என் மைத்துனன், அதைச் சின்னத் தாளில் அச்சடித்து இந்த நிமிடம் கூடத்து வாசலில் வருகிறவர்கள் கையில் ஒவ்வொன்றாகத் திணித்துக்கொண்டிருப்பான்.

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாதா, நன்றாகத் தெரியும், வீட்டில் குடித்ததால் வரவில்லை, வீட்டில் மனைவி அடுப்புப் பக்கத்திலேயே நின்று தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் இறக்குகிறாள், பல் தேய்க்கக்கூட அந்தத் தண்ணீர்தான். வந்தது ஓட்டுக் கேட்கப் போன இடத்தில். உச்சி வெயிலில் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கிறீர்கள், வீட்டுக்காரம்மா முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுகிறார், காய்ச்சியதா என்று கேட்கலாம், கேட்டால் என்ன அர்த்தம், உன் வீட்டை நான் நம்பவில்லை என்று அர்த்தம், உள்ளே நான்கு ஓட்டு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறது. முதல் நாள் ஒரு வீட்டில் கேட்டேன், "ஏன், எங்க வீட்டுத் தண்ணி உங்களுக்கு ஆகாதோ" என்று அந்தம்மா டம்ளரை அப்படியே செடிக்கு ஊற்றிவிட்டார், அன்றோடு விட்டேன். அதற்குப் பிறகு யார் கொடுத்தாலும் வாங்கி மடக் மடக்கென்று குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது "தண்ணியைக் காய்ச்சாம குடிக்காதீங்கம்மா" என்று புத்தி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய் அடுத்த டம்ளரையும் குடித்தேன். நேற்று ஒரே நாளில் நாற்பத்து மூன்று வீடு. இவ்வளவு தண்ணீரை நான் வேலை செய்கிற காலத்தில் குழாயில்கூடப் பார்த்ததில்லை.

தேர்தலில் நிற்க வேண்டும் என்று எனக்கு என்ன வேண்டுதலா, கோபத்தில் நின்றேன், கோபத்தில் செய்த காரியம் எதுதான் எனக்கு உருப்பட்டிருக்கிறது. இப்போதைய வார்டு உறுப்பினர் மருந்துக்கடைக்காரர், பத்து வருடமாக அவர்தான், முதல் வாரத்தில் இருபது பேர் படுத்தபோது அவர் கடைக்குப் போய் குழாயைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன், அவர் என் பேச்சை முழுக்கக் கேட்டார், தலையை ஆட்டினார், ஒரு ஓஆர்எஸ் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்து, "இதைக் கரைச்சுக் குடிங்க, மனசு தெளிவா இருக்கும்" என்றார். அன்று சாயங்காலமே போய் மனுத் தாக்கல் செய்துவிட்டேன். சின்னமாகக் குழாய் கேட்டேன், பட்டியலில் குழாய் இல்லை, கத்தரிக்கோல் கொடுத்தார்கள், இதுவரை மூன்று பேர் என்னிடம் சலூன் எப்போது திறக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். மைத்துனன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான், பிரசாரம் முழுக்க அவன் பொறுப்பு, என்னையும் வண்டி கற்றுக்கொள்ள வந்த ஆளாகத்தான் நடத்துகிறான், மேடையில் நான் வேகமாகப் பேசினால் கீழே உட்கார்ந்து காலால் பிரேக் போடுகிறான். இதோ வந்துவிட்டான், கதவில் கேட்கிற தட்டல் அவன் தட்டல்தான், இரண்டு சின்னது ஒரு பெரியது. "மாமா, உள்ளதானே இருக்கீங்க?" ஆமாம்டா. "என்ன பண்றீங்க இவ்வளவு நேரம்?" என்னத்தைச் சொல்ல, "பேச்சை மனப்பாடம் பண்றேன்" என்றேன். "நல்லா பண்ணுங்க. அந்தக் கடைசி வரியை மட்டும் நிறுத்தி நிதானமா சொல்லணும் மாமா, கியரை மாத்தி, மெதுவா ஏறணும். கூட்டம் நிறைய வந்திருக்கு. அக்காவும் பாப்பாவும் ரெண்டாவது வரிசையில இருக்காங்க." போய்விட்டான். வயிறு என்று ஒரு வார்த்தை அவனிடம் சொல்லியிருக்கலாம், சொன்னால் அவன் முதலில் போஸ்டரைத்தான் நினைத்துக் கவலைப்படுவான், அதனால் சொல்லவில்லை.

கடைசி வரி சட்டைப்பையில் இருக்கிறது, மூன்று பக்கப் பேச்சு, கடைசி வரியை நானே எழுதினேன், 'மண்ணைத் தோண்டுங்கள், இந்த வேலையைச் செய்த கை யாருடையது என்று ஊருக்குக் காட்டுங்கள்'. நன்றாகத்தான் இருக்கிறது. தோண்டிப் பார்க்கச் சொல்லி நகராட்சிக்கு நான் கொடுத்த மனுவை வைத்துத்தான் நாளை சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லாண்டரி முனையில் தோண்டப் போகிறார்கள், படுத்த வீடுகளையெல்லாம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக வைத்து, எல்லாம் அந்த முனையிலிருந்துதான் தொடங்குகிறது என்று நகராட்சி இன்ஜினியருக்குக் காட்டியதே நான்தான், ஞாயிற்றுக்கிழமை ஓட்டு, நாளைக்கு ஓட்டைக் குழாய் வெளியே வந்தால் பத்து வருடமாக மருந்துக்கடைக்காரர் என்ன செய்தார் என்று ஊரே கேட்கும், கணக்குச் சரி... இது என்ன சொட்டுச் சத்தம். டக், டக், டக் என்று, இவ்வளவு நேரமாகக் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது, ஃப்ளஷ் தொட்டிக்குப் போகிற குழாயில் கசிவு, யார் போட்டார்களோ, மரையில் வெள்ளை டேப்பை இரண்டே சுற்று சுற்றியிருக்கிறார்கள், படுபாவிகள், பொது இடம்தானே என்ற அலட்சியம். தொழில்காரனால் சொட்டுகிற குழாய்க்குப் பக்கத்தில் சும்மா உட்கார முடியாது, சிலருக்குக் கோணலாக மாட்டிய படத்தைப் பார்த்தால் கை வருமே, எனக்கு இது. கல்யாணத்துக்குப் போனாலும் என் பையில் டேப் உருளை இருக்கும், இன்றைக்கும் பேச்சுக்கு அடியில் இருந்தது. வால்வை மூடி, மரையைக் கையாலேயே கழற்றினேன், அந்த அளவுக்குத்தான் முடுக்கியிருந்தார்கள், உட்கார்ந்தபடியே எட்டித் துடைத்து, டேப்பின் நுனியை ஒட்டி இடது கையால் சுற்றினேன், நான் இடக்கைக்காரன், ஊரில் எல்லாரும் ஒரு பக்கம் சுற்றினால் நான் மறுபக்கம் சுற்றுவேன், மரைக்கு ஏற்ற திசையில் சுற்ற வேண்டுமென்றால் நான் யோசித்துத்தான் சுற்ற வேண்டும். ஒரு சுற்று, இரண்டு சுற்று, இப்படித்தான் மழையில் ஒருநாள் யோசிக்காமல் கை போன போக்கில் சுற்றிக்கொண்டே போனேன், எதைச் சுற்றினேன், டேப் இல்லை அது, கம்பி... எங்கே அது. கை நின்றுவிட்டது.

லாண்டரி முனையில். பதினோரு வருடத்துக்கு முன்னால். லாண்டரிக்காரம்மா புதுசாகக் கடை போட்டபோது இணைப்புக் கேட்டார், நான்தான் பள்ளம் தோண்டினேன், மழை கொட்டுகிறது, அவர் என் தலைக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார், கடப்பாரை கொஞ்சம் தவறி மெயின் குழாயில் இறங்கியது, விரல் நீளத்துக்கு ஒரு விரிசல், மேலே ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில் சாக்கடைக் குழாய். விரிசலைக் கவ்விப் பிடிக்க இரும்புக் கிளாம்ப் போட வேண்டும், கிளாம்ப் கடையில்தான் வாங்க வேண்டும், அந்த நேரம் பார்த்து ஃபோன், மனைவிக்கு வலி எடுத்துவிட்டது, உடனே வா. சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி விரிசலில் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன், நாளைக்கு வந்து கிளாம்ப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு மண்ணைத் தள்ளி மூடினேன், ஓடினேன். அன்று மகள் பிறந்தாள். மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை, குழந்தைக்கு மஞ்சள்காமாலை என்று விளக்கு வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள், எனக்கு உலகமே அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, நான்காம் நாள் கிளாம்ப் வாங்கிக்கொண்டு போனால் அங்கே தார் ரோடு போட்டிருந்தார்கள், பளபளவென்று. இந்த நகராட்சி தன் வாழ்நாளில் சொன்ன தேதிக்குச் செய்த ஒரே வேலை அதுதான். ஒழுகினால் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன், ஒழுகவில்லை, மறந்துவிட்டேன். மறந்துவிட்டேனா... மகள் பிறந்த கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், உடம்பெல்லாம் சேறாக ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த கதை, நர்ஸ் என்னைக் குளித்துவிட்டு வா என்று துரத்திய கதை, சிரிக்காத ஆள் இல்லை, இந்த மூன்று பக்கப் பேச்சில்கூட இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது, குடும்பஸ்தன் என்று காட்ட மைத்துனன் சேர்த்தது. எப்போதும் சேற்றோடு ஓடுகிற இடத்திலிருந்துதான் தொடங்குவேன். அந்தச் சேறு எங்கே பட்டது என்று பதினோரு வருடத்தில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சரி, அதுவாக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம், அந்த முனையில் எத்தனையோ இணைப்பு போகிறது, வேறு எவனாவது கைவைத்திருப்பான்... இல்லை, டியூப் ரப்பர் பத்து வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும், கம்பி துருப்பிடித்து விடும், தண்ணீர் வராத நேரத்தில் குழாய் காலியாக இருக்கும்போது மேலே ஒழுகுகிற சாக்கடையை விரிசல் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும், இதை யாராவது வந்து எனக்குச் சொல்ல வேண்டுமா. நாளைக்குக் குழியில் இறங்கப் போகிறவன் நகராட்சி ஃபிட்டர், என்னோடு பத்து வருடம் வேலை செய்தவன், "உன் முடிச்சைக் கண்ணாடியில பாத்துத்தான்யா அவுக்கணும்" என்று கேலி செய்தவன், கம்பி எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், குழிக்குள்ளிருந்தே என் பேரைச் சொல்லிவிடுவான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த வேலையைச் செய்த கை யாருடையது என்று ஊருக்குக் காட்டுங்கள், ஆகா, என்ன வரி, எழுதும்போது எனக்கே புல்லரித்தது. நாற்பத்து மூன்று வீட்டில் என் வேலையை நானே டம்ளர் டம்ளராகக் குடித்திருக்கிறேன், அது போகட்டும், எனக்கு வேண்டியதுதான். மகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற பெண் ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், கையில் ஊசி ஏற நரம்பு கிடைக்கவில்லை என்று அவள் அப்பா என்னிடம் சொல்லி அழுதார், நான் அவர் தோளில் கைவைத்து, "இதைச் செஞ்சவனை விடமாட்டேன் சார்" என்றேன். அவர் நம்பினார். எனக்கு இப்போது வயிறு வலிக்கவில்லை, அதற்குக் கொஞ்சம் மேலே வலிக்கிறது.

கதவு திறக்கிற சத்தம், வேகமான செருப்புச் சத்தம், பக்கத்து அறைத் தாழ்ப்பாள், அப்புறம் கேட்ட சத்தத்தை விவரிக்க வேண்டியதில்லை, நமக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டார் என்று மட்டும் தெரிந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கால்களைத் தூக்கிக்கொள்ளலாமா என்று நினைப்பதற்குள், "பிளம்பரா? ஷூவைப் பாத்தேன்" என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் குரல், மருந்துக்கடைக்காரர். "கை கழுவ வந்தேன்" என்றேன். "உக்காந்துகிட்டா?" என்றார். "நீங்க?" என்று கேட்டேன். "நானும் கை கழுவத்தான்" என்றார், கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கை கழுவினோம். "எத்தனை ஆச்சு?" என்றார், பொய் சொல்லத் தெம்பு இல்லை, பதினொன்று என்றேன், "எனக்கு பதிமூணு" என்றார், இதிலும் அவர்தான் முன்னணி. தடுப்புக்கு அடியில் ஒரு கை வந்தது, கையில் ஓஆர்எஸ் பொட்டலம், பத்து வருட உறுப்பினரின் மோதிரம் போட்ட கை, "ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சுக் குடிங்க". எந்தத் தண்ணீரில் என்று கேட்டேன், அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், சிரிக்கக் கூடாது, இந்த நிலைமையில் சிரிப்பது இரண்டு பேருக்குமே ஆபத்து. இந்த மனிதரைத் தூக்கி எறிய வேண்டும் என்றா மூன்று வாரமாக வெயிலில் திரிந்தேன் என்று தோன்றியது, நல்ல மனுஷன்தான், சோம்பேறி, அவ்வளவுதான்.

அப்புறம் அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. நாளைக்குத் தோண்டறாங்கல்ல, ஏதாவது கெடச்சா என் தலை உருளும், ஒண்ணுமே கெடைக்கலன்னா உங்க தலை உருளும். எதுக்கு வம்பு? திங்கக்கிழமை தோண்டட்டுமே. இன்ஜினியர்கிட்ட நான் பேசிக்கறேன், நீங்க அழுத்தம் குடுக்காம இருந்தாப் போதும். ரெண்டு நாள்தானே." ரெண்டு நாள்தானே. அவர் யாருக்கு என்ன கொடுக்கிறார் என்று அவருக்கே தெரியாது, தன் தலையைக் காப்பாற்றிக்கொள்கிறார் என்று நினைக்கிறார், என் தலையை எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்து என்னிடமே நீட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஜெயித்துவிட்டால் திங்கட்கிழமை குழிக்குப் பக்கத்தில் உறுப்பினராக நான் நிற்பேன், ஃபிட்டரை ஒரு ஓரமாகக் கூப்பிட்டுப் பேசலாம், துருப்பிடித்த கம்பியில் எந்தப் பக்கம் முறுக்கு என்று யாருக்குத் தெரியப் போகிறது, அப்புறம் ஊருக்கே புதுக் குழாய் போட்டுவிடலாம், ஒரு பாவத்துக்கு நூறு நல்லது, என்ன குறைந்துவிடப் போகிறது. ரெண்டு நாள். ரெண்டு நாளில் இன்னும் எத்தனை டம்ளர், இன்னும் எத்தனை பேர், காய்ச்சிக் குடிக்கச் சொல்லியிருக்கிறோமே, காய்ச்சிக் குடிக்கச் சொன்ன நானே காய்ச்சாமல் குடித்தவன்தானே. மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை, சரி என்று சொல்லவும் வரவில்லை, இந்த நேரம் பார்த்து என் கை தானாக டேப்பைச் சுற்றி முடித்து, மரையை முடுக்கி, வால்வைத் திறந்து, ஃப்ளஷை அழுத்தியது, தண்ணீர் ஓவென்று இறங்கியது, அருமையாக வேலை செய்தது, ஒரு சொட்டுக் கசிவு இல்லை. சத்தம் அடங்கியதும், "அப்ப சரி, நான் அவர்கிட்ட சொல்லிடறேன்" என்று அவர் சொல்வது கேட்டது. நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் கை கழுவிவிட்டு, இந்தத் தடவை நிஜமாகவே கழுவிவிட்டு, வெளியே போய்விட்டார்.

வெளியே வந்து கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன், போஸ்டரில் இருப்பவனுக்கு அண்ணன் மாதிரி இருந்தேன். மேடையில் நூலகர் அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார், முன்னால் ஒரு மேஜை மணி, ஆளுக்கு ஐந்து நிமிடம், மணி அடித்தால் அரை வாக்கியத்தில்கூட நிறுத்திவிட வேண்டும், நூலகத்தில் பேசுகிறவர்களை நாற்பது வருடமாக அடக்கிப் பழகிய கை. மருந்துக்கடைக்காரர் எனக்கு முன்னால் வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர்கள் அசைக்கிற அசைப்பு. முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் எடுத்தேன், இரண்டாவது வரிசையில் மனைவி, பக்கத்தில் மகள், பின் சுவரில் சாய்ந்தபடி மைத்துனன், கால் ஏற்கெனவே பிரேக்கில் இருக்கிறது. பேச்சை வெளியே எடுத்தேன், டேப் உருளையும் கூடவே வந்து கீழே விழுந்து மேடையில் உருண்டு ஓடியது, எல்லாரும் சிரித்தார்கள், சிரித்து முடிக்கும் வரை எனக்கு நேரம் கிடைத்தது, பேச்சை மடித்துத் திரும்பப் பையில் வைத்துவிட்டேன். "நாளைக்குத் தோண்ட வேண்டாம்" என்றேன், மருந்துக்கடைக்காரர் முகம் மலர்ந்தது. "இன்னைக்கே தோண்டணும். கூட்டம் முடிஞ்சதும் நேரா அங்கதான் போறேன். வால்வை மூடிட்டு நானே எறங்கித் தோண்டறேன். அதுவரைக்கும் யாரும் குழாயைத் திறக்காதீங்க." இதைச் சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது, கஷ்டமான பாதி முடிந்துவிட்டது என்று நினைத்தேன், அது சுலபமான பாதி என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஏனென்றால் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, ஆஸ்பத்திரியில் இருக்கிற அந்தப் பெண்ணின் அப்பா, "இதுக்கெல்லாம் யாருதான் பொறுப்பு, அதைச் சொல்லுங்க முதல்ல" என்று கேட்டார். எனக்கு வாக்கியம் தயாராக இருந்தது, லாண்டரி முனை, பதினோரு வருடம், கடப்பாரை, சைக்கிள் டியூப், கம்பி, என் கை, எல்லாம் வரிசையாக நின்றது, வாயைத் திறந்தேன். "நான்தான் பொறுப்பு" என்றேன். பொய் இல்லை, அட்சரம் பிசகாத உண்மை, ஆனால் கடப்பாரையும் டியூபும் கம்பியும் எங்கே போயின, தொண்டைக்கு வந்தவை திரும்பி எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டன. யாரோ ஒருவர் கைதட்டினார், அப்புறம் எல்லாரும். அந்த அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், "இப்படி யாருய்யா சொல்லுவா இந்தக் காலத்துல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது எனக்குக் கேட்டது, மைத்துனன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினான், இவ்வளவு நாள் இந்த வித்தையை எங்கே ஒளித்துவைத்திருந்தீர்கள் என்பது போல ஒரு பார்வை. மருந்துக்கடைக்காரர் பார்த்தார், விட்டால் ஓட்டெல்லாம் போய்விடும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது, எழுந்து தன் மைக்கைப் பிடித்து, "இல்லைங்க, அவருக்கு என்ன சம்பந்தம், பத்து வருஷமா நான்தானே இருக்கேன், பொறுப்பு என்னோடதுதான்" என்றார், அவருக்கும் கைதட்டல். "அவரோடது இல்லை, என்னோடதுதான்" என்றேன், இன்னும் பலமான கைதட்டல், குற்றத்தை இரண்டு பேரும் ஏலம் எடுத்துக்கொண்டிருந்தோம், நான் சொல்லச் சொல்ல, நிஜமாகவே செய்தது நான்தான் என்று நம்பாமல் போய்க்கொண்டே இருந்தார்கள், மகள் தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள்.

நூலகர் அம்மா மணியை அடித்தார். என் நேரம் முடிந்துவிட்டது, சட்டப்படி நான் உட்காரலாம், உட்கார்ந்தால் யாரும் தப்பு சொல்ல முடியாது, நான் பொறுப்பு என்று மூன்று தடவை சொல்லியாகிவிட்டது, அவர்களுக்குப் புரியாவிட்டால் அது என் குற்றமா... அவர் மறுபடி அடித்தார். இன்னும் ஒரே ஒரு வாக்கியம், ஊருக்குப் புரிகிற மாதிரி, கடப்பாரையோடும் டியூபோடும் சேர்த்து, அதைச் சொன்னால் இந்தச் சத்தம் நின்றுவிடும், மகள் கையும் கீழே இறங்கிவிடும். சத்தம் அடங்கட்டும், அடங்கியதும் சொல்லிவிடலாம் என்று இடது கையைத் தூக்கிக் கூட்டத்தை அமர்த்தினேன், அடக்கமான ஆள் என்று இன்னும் ஓங்கித் தட்டினார்கள், அது நன்றாக இருந்தது, மூன்று வாரத்தில் என் காதில் விழுந்ததிலேயே நல்ல சத்தம் அதுதான், மறைத்து என்ன ஆகப் போகிறது. மணி மூன்றாவது தடவையும் அடித்துவிட்டது, மைக்கை விடாமல் நின்றுகொண்டிருக்கிறேன், சொல்வதற்காக நிற்கிறேனா, கைதட்டல் முடியட்டும் என்று நிற்கிறேனா, முடியக் கூடாது என்று நிற்கிறேனா, எனக்கே தெரியவில்லை.